பழைய ஸ்போர்ட்ஸ் கன்வெர்ட்டிபிள் வாங்குவது எப்படி, வாங்கியபின் காப்பது எப்படி

கூரை திறக்கும் வேகமான கார் ஒன்றைப் புதிதாக வாங்குவது எல்லோராலும் ஆகிற காரியம் இல்லை. அதே கார் பத்துப் பதினைந்து வயதில் பழைய விலையின் ஒரு சிறு பங்குக்கு விற்பனைக்கு வரும். அப்போது ஆசைப்படுவதில் தவறே இல்லை. ஒன்றை மட்டும் முதலிலேயே மனத்தில் ஏற்றிக்கொள்ளுங்கள்: குறைந்திருப்பது காரின் விலைதான். அதன் கிளட்ச், பிரேக் டிஸ்க், கூரையைத் தூக்கும் பம்ப் எதுவும் விலை குறையவில்லை. அந்தக் காரைப் புதிதாக வாங்கியவர் என்ன விலையில் உதிரி பாகம் வாங்கினாரோ, அதே அளவில்தான் நீங்களும் வாங்கப் போகிறீர்கள்.

இன்னொரு விஷயம். வேகமாக ஓட்டியதால்தான் இந்தக் கார்கள் கெடுகின்றன என்று பலர் நம்புகிறார்கள். நான் பார்த்தவரை தண்ணீரும், ஓடாமல் சும்மா நிற்பதும்தான் இவற்றை அதிகம் கெடுக்கின்றன. ஆகவே எஞ்சினைச் சோதிக்கும் அதே கவனத்தோடு கூரையையும் தரையையும் சோதிக்க வேண்டும்.

முதல் படி: எந்தக் கார், எவ்வளவு பணம்

கையில் இருக்கும் மொத்தத் தொகையையும் காருக்கே கொடுத்துவிடாதீர்கள். ஐந்தில் ஒரு பங்கையாவது முதல் வருடச் செலவுக்கு ஒதுக்கி வையுங்கள். அப்படி ஒதுக்கினால் நினைத்த மாடல் எட்டவில்லை என்றால், ஒரு படி கீழே உள்ள மாடலில் நன்றாகப் பராமரித்த காரைத் தேடுங்கள். பெரிய எஞ்சின் உள்ள, கவனிப்பாரற்ற காரைவிட இது நூறு மடங்கு மேல்.

அடுத்தது கூரை வகை. துணிக்கூரை எடை குறைந்தது, அமைப்பும் எளிது. துணி பழசானால் துணியை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். உலோகத் தகடுகளாக மடியும் கூரையில் வேறு கதை. 2001 முதல் வந்த மெர்சிடிஸ் எஸ்எல், 2009 முதல் வந்த பிஎம்டபிள்யூ இசட்4 போன்றவற்றில் கூரை மூடியிருக்கும்போது உள்ளே அமைதியாக இருக்கும், கத்தியால் கிழிக்கவும் முடியாது. ஆனால் மோட்டார், சிலிண்டர், சென்சார் என்று கெடக்கூடிய பாகங்கள் அதிகம். ஒரு சிறிய சுவிட்ச் தகவல் சொல்லாவிட்டாலும் கூரை பாதியில் நின்றுவிடும். முதல் முறை வாங்குபவருக்கு நான் சொல்வது துணிக்கூரைதான்.

ஒவ்வொரு மாடலுக்கும் பேர்போன பலவீனம் ஒன்று இருக்கும். வாங்கப்போகும் மாடலின் பலவீனம் தெரியாமல் விற்பவர் வீட்டுப் படியேறக் கூடாது. சில உதாரணங்கள்:

போர்ஷே பாக்ஸ்டர் 1996-இல் வந்தது. 2008 வரையிலான எஞ்சின்களில் ஐஎம்எஸ் பேரிங் என்று ஒரு பாகம் உண்டு. எஞ்சினின் உள்ளே ஓடும் இடைத்தண்டைத் தாங்கும் பேரிங் அது. உடைந்தால் வால்வுகளின் நேரம் தவறி அவை பிஸ்டனில் மோதும், உலோகத் துகள் ஆயிலோடு எங்கும் பரவும், எஞ்சினே போய்விடும். ஆரம்ப வருடங்களின் எஞ்சின்களில் கிளட்ச் மாற்றும்போதே இந்தப் பேரிங்கையும் மாற்றிவிடலாம். மாற்றியதற்கு பில் இருக்கிறதா என்று கேளுங்கள். அதன்பின் 2008 வரை வந்தவற்றில் பேரிங் பெரியது, உடைவது அரிது, ஆனால் எஞ்சினைப் பிரிக்காமல் மாற்ற முடியாது. 2009 மாடலில் வந்த புதிய எஞ்சினில் அந்தத் தண்டே கிடையாது.

ஹோண்டா எஸ்2000 (1999 முதல் 2009 வரை) நம்பகமான கார். அதன் 2 லிட்டர் எஞ்சின் 9,000 ஆர்பிஎம் வரை போகும். அந்த உயரத்தில் கியரைக் குறைக்கும்போது தவறான கியரில் விழுந்தால் வால்வுகளைப் பிடித்திருக்கும் பாகங்கள் விரிசல் விடும். ஆயிலும் கொஞ்சம் குடிக்கும், அதனால் ஆயில் அளவைப் பார்க்கும் பழக்கம் இல்லாதவரிடம் இருந்த எஸ்2000 ஆபத்தானது. 2006 முதல் 2008 வரை வந்த பிஎம்டபிள்யூ இசட்4 எம் காரில் பிஸ்டனைச் சுழல்தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் பேரிங்குகளைத் தேயும் பாகமாகவே கருதி மாற்ற வேண்டும், வால்வு இடைவெளியையும் அவ்வப்போது சரிசெய்ய வேண்டும். மேலே சொன்ன மெர்சிடிஸ் எஸ்எல் காரில் மின்சாரத்தால் இயங்கும் பிரேக் பம்ப், ஹைட்ராலிக் சஸ்பென்ஷன் இரண்டும் செலவு வைக்கும். ஜாகுவாரின் 5 லிட்டர் சூப்பர்சார்ஜ் வி8 எஞ்சினில் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) போகும் பிளாஸ்டிக் குழாய்கள் வயதாகி வெடிக்கும்.

இவற்றில் எதுவும் அந்தக் காரை வாங்கக் கூடாது என்பதற்கான காரணம் இல்லை. ஏற்கெனவே சரிசெய்யப்பட்டதா, இல்லையென்றால் அந்தச் செலவு விலையில் கழிந்திருக்கிறதா என்பதுதான் கேள்வி.

இரண்டாம் படி: காகிதங்கள்

காரைப் பார்க்கப் போகும் முன்பே சர்வீஸ் பில்களின் படங்களை அனுப்பச் சொல்லுங்கள். புத்தகத்தில் முத்திரை மட்டும் இருந்தால் போதாது. எந்தப் பாகம் மாற்றினார்கள், எந்த ஆயில் ஊற்றினார்கள், அன்று மீட்டர் எவ்வளவு காட்டியது என்று எழுதிய பில் வேண்டும். அந்த மீட்டர் எண்களை வரிசையாக எழுதிப் பாருங்கள். திடீரென்று எண் குறைந்தாலோ, பல வருடம் எண்ணே இல்லாமல் போனாலோ காரணம் கேளுங்கள்.

குறைவாக ஓடிய கார் என்றாலே நல்ல கார் என்று நினைத்துவிடாதீர்கள். பதினைந்து வருடத்தில் மிகக் கொஞ்சம் ஓடிய காரில் ரப்பர் சீல்கள் காய்ந்திருக்கும், டயர் கெட்டியாகியிருக்கும், டேங்கில் எரிபொருள் பழசாகியிருக்கும், கூரை மடிப்புகள் அப்படியே விறைத்திருக்கும். வாரம் தவறாமல் ஓடி, வருடம் தவறாமல் ஆயில் மாற்றிய கார், அதைவிட நான்கு மடங்கு கிலோமீட்டர் காட்டினாலும் பெரும்பாலும் அதுவே நல்ல தேர்வு.

சேசிஸ் எண்ணை வைத்து உற்பத்தியாளரின் ரீகால் பட்டியலை, அதாவது குறையுள்ள பாகத்தை மாற்றத் திரும்ப அழைத்த கார்களின் பட்டியலைப் பாருங்கள். டகாட்டா என்ற நிறுவனம் செய்த ஏர்பேக்குகளின் ரீகாலில் 2000-களில் வந்த ஸ்போர்ட்ஸ் கார்கள் பல சிக்கின. அந்த ஏர்பேக் வெடிக்கும்போது உலோகத் துண்டுகள் முகத்தை நோக்கி வரும் அபாயம் உண்டு. மாற்றியாயிற்றா என்று உறுதியாகத் தெரியாமல் ஓட்டக்கூட வேண்டாம். காரின் மேல் கடன் பாக்கி, பெரிய விபத்துப் பதிவு, வெள்ளத்தில் மூழ்கிய பதிவு ஆகியவற்றையும் அந்தச் சமயத்திலேயே பார்த்துவிடுங்கள்.

மூன்றாம் படி: நின்ற நிலையில் கார்

பகல் வெளிச்சத்தில், கார் காய்ந்திருக்கும்போது போங்கள். நீங்கள் வரும்வரை எஞ்சினை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் பானட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், குளிர்ந்த எஞ்சின் எப்படி எழுகிறது என்பதை நீங்கள் பார்க்க முடியாமல் போய்விட்டது. அன்று திரும்பிவிட்டு இன்னொரு நாள் வருவதே நல்லது.

டயர்களின் பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரானது. ஆறு வருடம் தாண்டிய டயரில் பட்டை எவ்வளவு இருந்தாலும், இப்படிப்பட்ட காருக்கு அது காலாவதிதான். இந்தக் கார்களில் பெரும்பாலும் பின்டயர் முன்டயரைவிட அகலம், ஆகவே முன்னும் பின்னும் மாற்றிப் போட்டுச் சமாளிக்க முடியாது. பின்டயரின் உள்விளிம்பைக் கையால் தடவிப் பாருங்கள். வெளியே நன்றாகத் தெரியும் டயர் உள்ளே நூல் தெரியத் தேய்ந்திருக்கும். ஒரே அச்சில் இரண்டு வேறு பிராண்ட் டயர் இருந்தால், உரிமையாளர் மற்ற செலவுகளிலும் கைச்சுருக்கம் காட்டியிருப்பார் என்று எடுத்துக்கொள்ளலாம்.

பெயின்ட் தடிமன் காட்டும் சிறிய கருவி ஒன்று கையில் இருந்தால் நல்லது. தொழிற்சாலைப் பெயின்ட் பொதுவாக 80 முதல் 150 மைக்ரான் இருக்கும். ஒரு பக்கம் மட்டும் 300, 400 காட்டினால் அங்கே பட்டி பார்த்திருக்கிறார்கள். அலுமினிய உடல் கொண்ட கார்களுக்கு அலுமினியத்தையும் அளக்கும் கருவிதான் வேண்டும்.

நான்காம் படி: கூரையும் தண்ணீரும்

இங்கே அவசரப்படாதீர்கள். மற்ற எல்லாவற்றையும்விட இதற்கு அதிக நேரம் கொடுங்கள்.

முதலில் கூரையை மூன்று முறை முழுதாகத் திறந்து மூடச் சொல்லுங்கள். ஒரு முறை வேலை செய்து அடுத்த முறை திணறும் பம்புகள் உண்டு. இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் எழுகிறதா, நடுவில் தயங்குகிறதா, கிறீச்சென்ற சத்தம் வருகிறதா என்று பாருங்கள். ஒரு பக்கம் முந்தினால் கேபிளோ தள்ளுகோலோ சிலிண்டரோ தேய்ந்திருக்கிறது. கூரை மடங்கும் இடத்திலும் பின்பெட்டியின் ஓரங்களிலும் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் ஹைட்ராலிக் சிலிண்டர் ஒழுகுகிறது.

கூரை பாதி மடிந்த நிலையில் நிறுத்தி, துணியின் உட்பக்கத்தைப் பாருங்கள். இரும்புச் சட்டம் உரசும் இடங்களில்தான் முதலில் நைந்து ஓட்டை விழும். பின்கண்ணாடி பிளாஸ்டிக் என்றால் மஞ்சளாகி வெடித்திருக்கும். உண்மையான கண்ணாடி என்றால், துணியோடு ஒட்டிய பசை ஓரங்களில் விட்டிருக்கிறதா என்று மெல்ல அழுத்திப் பாருங்கள். அந்தப் பசை விட்டால் பல கார்களில் முழுக் கூரைத் துணியையும் மாற்றும்படி ஆகிவிடும்.

இப்போது தரை. கார்ப்பெட் மேலே காய்ந்தது போலத் தெரியும். அடியில் இருக்கும் பஞ்சு மாதக்கணக்கில் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். விரல்களை அடியில் விட்டு அழுத்துங்கள். இருக்கைத் தண்டவாளத்தின் திருகுகளில் துரு, பின்பெட்டியில் ஸ்டெப்னி வைக்கும் குழியில் தண்ணீர்த் தடம், கதவைத் திறந்ததும் வரும் பூஞ்சை வாடை எல்லாம் ஒன்றையே சொல்கின்றன. புதிதாக வாசனை திரவியம் அடித்திருந்தால் இன்னும் கவனமாக முகருங்கள்.

தண்ணீர் எப்படி உள்ளே வருகிறது? துணிக்கூரை மேல் விழும் மழையில் ஒரு பகுதி ஓரங்களில் உள்ள வாய்க்கால்களில் இறங்கி, வடிகால் குழாய் வழியாகக் காருக்கு அடியில் போக வேண்டும். இலையும் தூசியும் அந்தக் குழாயை அடைத்தால் தண்ணீர் உள்ளே திரும்பும். பழைய பாக்ஸ்டரில் அந்தத் தண்ணீர் இருக்கைக்கு அடியில் உள்ள இம்மொபிலைசர் (சரியான சாவி இல்லாமல் எஞ்சின் எழாதபடி தடுக்கும் மின்னணுக் கருவி) பெட்டியை நனைத்துவிடும், கார் ஸ்டார்ட்டே ஆகாது. முதல் தலைமுறை இசட்4 காரில் கூரையை இயக்கும் மோட்டாரே பக்கவாட்டுக் குழியின் அடியில் உட்கார்ந்திருக்கிறது. வடிகால் அடைத்தால் மோட்டார் மூழ்கிவிடும். ஒரு பிடி குப்பைக்கு எவ்வளவு பெரிய செலவு பாருங்கள். வடிகால் வாயில் ஒரு டம்ளர் தண்ணீரை மெல்ல ஊற்றி, காருக்கு அடியில் வருகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

விற்பவர் சம்மதித்தால், கூரையை மூடி, ஹோஸ் பைப்பில் மிதமான தண்ணீரைக் கீழிருந்து மேலாகப் பத்து நிமிடம் ஓடவிடுங்கள். ஒருவர் உள்ளே டார்ச்சோடு உட்காரட்டும். கீழிருந்து தொடங்கினால்தான் எந்த உயரத்தில் ஒழுகுகிறது என்று புரியும்.

கடைசியாகக் கதவு. நிலையான மேற்கூரை இல்லாததால் இந்தக் கார்களின் வலிமை முழுவதும் தரையிலும் கதவுக்குக் கீழே ஓடும் பக்கச் சட்டங்களிலும்தான் இருக்கிறது. அங்கே துரு, வெல்டிங் தழும்பு, நெளிவு இருந்தால் வேறு பேச்சே வேண்டாம், வந்துவிடுங்கள். காரை லிஃப்டில் ஏற்றும்போது கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். தரையில் மூடியது போலவே மூட வேண்டும். இடித்தாலோ, இடைவெளி மாறினாலோ உடல் தளர்ந்துவிட்டது.

ஐந்தாம் படி: ஓட்டிப் பார்த்தல்

சாவியைத் திருப்பியதும் எல்லா எச்சரிக்கை விளக்குகளும் எரிந்து, பிறகு அணைய வேண்டும். ஏர்பேக் விளக்கோ, கார் கவிழ்ந்தால் இருக்கைக்குப் பின்னால் எழும் பாதுகாப்பு வளைவின் விளக்கோ எரியவே இல்லை என்றால், யாரோ பல்பைப் பிடுங்கியிருக்கலாம்.

குளிர்ந்த எஞ்சின் எழும்போது ஓரிரு நொடி நீலப்புகை வருவது பாக்ஸ்டர் போன்ற, சிலிண்டர்கள் படுக்கைவாட்டில் கிடக்கும் எஞ்சின்களில் சகஜம். தொடர்ந்து வந்தால் இல்லை. இனிப்பு வாடையோடு வெள்ளைப்புகை நிற்காமல் வந்தால் கூலன்ட் எரிகிறது.

முதல் பதினைந்து நிமிடம் மென்மையாக ஓட்டுங்கள். விற்பவர் ஏறி உட்கார்ந்ததும் குளிர்ந்த எஞ்சினை அலறவிட்டுக் காட்டினால், இத்தனை வருடமும் அவர் அப்படித்தான் ஓட்டியிருக்கிறார். ஆயில் சூடானபின் உயர்ந்த கியரில், குறைந்த ஆர்பிஎம்மில் ஆக்சிலரேட்டரை முழுதாக அழுத்துங்கள். வேகம் ஏறாமல் ஆர்பிஎம் மட்டும் ஏறினால் கிளட்ச் முடிந்தது. இரண்டாம் கியர் கரகரக்கிறதா என்று தனியாகக் கவனியுங்கள். முதலில் தேய்வது பெரும்பாலும் அதுதான்.

கூரையைத் திறந்து ஒரு சுற்று, மூடி ஒரு சுற்று, இரண்டும் மேடுபள்ளமான சாலையில். முன்கண்ணாடிச் சட்டம் லேசாக அதிர்வது இந்த வகைக் காரின் இயல்பு. கதவுகள் கடகடவென்று ஆடுவது இயல்பில்லை.

ஆறாம் படி: இன்னொருவர் கண்

அந்த மாடலைத் தெரிந்த, விற்பவரோடு தொடர்பில்லாத மெக்கானிக்கிடம் பணம் கொடுத்துச் சோதனை செய்யுங்கள். விற்பவர் இதற்கு மறுத்தால் வாங்காதீர்கள். மெக்கானிக்கிடம் கேட்க வேண்டியவை: ஒவ்வொரு சிலிண்டரின் கம்ப்ரெஷன் அளவு, சிலிண்டர் சுவரில் கீறல் இருக்கிறதா என்று கேமரா விட்டுப் பார்ப்பது, ஆயில் ஃபில்டரை வெட்டி உலோகத் துகள் தேடுவது. கணினியில் பிழைக் குறியீடு எதுவும் இல்லை என்றால் உடனே நிம்மதி வேண்டாம். கார் தனக்குத்தானே செய்யும் சோதனைகள் முடியாமல் இருந்தால், குறியீடுகளைச் சமீபத்தில்தான் அழித்திருக்கலாம். போர்ஷே போன்றவற்றில் எஞ்சின் எத்தனை முறை வரம்பு மீறிச் சுழன்றது, எத்தனை மணி நேரம் ஓடியது என்பது கணினியிலேயே பதிவாகியிருக்கும். அதை அச்செடுத்து வாங்குங்கள். மணிக்கணக்கும் கிலோமீட்டரும் பொருந்தாவிட்டால் மீட்டரைத் திருத்தியிருக்கலாம்.

செராமிக் பிரேக் உள்ள கார் என்றால் டிஸ்கின் விளிம்பு உடைந்திருக்கிறதா என்று பாருங்கள். அவற்றை மாற்றும் செலவு காரின் விலையோடு போட்டி போடும்.

வாங்கியதும் முதல் மாதம்

முந்தையவர் என்ன சொன்னாலும் சரி, எஞ்சின் ஆயில், ஃபில்டர், பிரேக் ஆயில், கூலன்ட், கியர் ஆயில் எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் மாற்றுங்கள். இன்றிலிருந்து கணக்கு உங்களுடையது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறினால் கொதிநிலை இறங்கி, வேகத்திலிருந்து தொடர்ந்து பிரேக் பிடிக்கும்போது பெடல் தொளதொளவென்று போகும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும்.

இன்சூரன்ஸ் எடுக்கும்போது, முடிந்தால் காரின் மதிப்பை இரு தரப்பும் ஒப்புக்கொண்டு எழுதும் வகையைக் கேளுங்கள்.

தொடர் பராமரிப்பு

உற்பத்தியாளர் ஆயிலுக்கு 25,000 கிலோமீட்டர் என்று எழுதியிருந்தாலும், வருடத்துக்கு ஒருமுறை அல்லது 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை, எது முதலில் வருகிறதோ அப்போது மாற்றுங்கள். கையேட்டில் உள்ள ஆக்டேன் அளவுக்குக் குறைந்த பெட்ரோல் வேண்டாம். கூலன்ட் முள் நடுவுக்கு வந்தால் எஞ்சின் சூடாகிவிட்டது என்று நினைக்காதீர்கள்; ஆயில் அதற்கு வெகு பின்னால்தான் சூடாகும். அதுவரை பாதி ஆர்பிஎம்மோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கூரைத் துணியை மென்மையான பிரஷ், காரமில்லாத ஷாம்பூ கொண்டு நெசவின் திசையிலேயே கழுவுங்கள். பிரஷர் வாஷரை நெருக்கத்தில் பிடித்தால் இழை பிய்ந்துவிடும். நன்றாகக் காய்ந்தபின் துணிக்கூரைக்கென்றே விற்கும் நீர்த்தடுப்புத் திரவத்தை வருடம் ஒருமுறை அடித்தால் போதும். ஈரமாக இருக்கும்போது மடித்து வைக்கவே கூடாது, பூஞ்சை பிடிக்கும். ரப்பர் பீடிங்குகளுக்கு சிலிகான் கிரீஸ் மெல்லியதாகத் தடவுங்கள். பெட்ரோலியம் கலந்த கிரீஸ் ரப்பரை உப்ப வைக்கும். கூரையை எஞ்சின் ஓடும்போது இயக்குங்கள், பேட்டரி இறங்கிப் பாதியில் நிற்காது. ஹைட்ராலிக் எண்ணெய் குறைந்தால் கையேடு சொல்லும் வகையை மட்டுமே ஊற்ற வேண்டும். கையில் கிடைத்ததை ஊற்றினால் உள்ளே இருக்கும் சீல்கள் அத்தனையும் போகும்.

வடிகால்களை வருடம் இருமுறை சுத்தம் செய்யுங்கள். கம்பியை விடாதீர்கள், குழாய் கிழியும். அழுத்தமான காற்றும் வேண்டாம், உள்ளே குழாய் கழன்றுவிடும், அது கழன்றது உங்களுக்குத் தெரியவும் தெரியாது. புல் வெட்டும் கருவியில் போடும் நைலான் நரம்பு சரியான அளவு.

காரை நீண்ட நாள் நிறுத்த வேண்டியிருந்தால் ஆயிலை மாற்றிவிட்டு நிறுத்துங்கள். டேங்கை நிரப்பி, டயரில் காற்றைக் கொஞ்சம் கூட்டி, பேட்டரிக்கு மெதுவாக மின்சாரம் ஊட்டும் சார்ஜரை மாட்டிவிடுங்கள். கூரை மூடிய நிலையில் இருக்கட்டும். மடித்து வைத்தால் மடிப்புத் தழும்பு நிலைத்துவிடும். ஹேண்ட் பிரேக் போடாமல் சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைப்பது உதவி அல்ல, கெடுதல். ஆயில் சூடாவதற்குள் அணைத்தால் உள்ளே ஈரம்தான் சேரும். எடுத்தால் அரை மணி நேரமாவது ஓட்டுங்கள், இல்லையென்றால் தொடாமல் விட்டுவிடுங்கள்.

மறுபடி வெளியே எடுக்கும் அன்று, ஸ்டார்ட் செய்வதற்கு முன் ஏர் ஃபில்டர் பெட்டியையும் கூரை மடியும் குழியையும் திறந்து எலிக்கூடு இருக்கிறதா என்று பாருங்கள். வயர்களை ஒருமுறை கண்ணால் தொடர்ந்து போங்கள். டயர் காற்றைச் சரியான அளவுக்கு இறக்குங்கள். பிரேக் டிஸ்கில் மெல்லிய துரு படிந்திருக்கும். ஆள் இல்லாத சாலையில் மிதமான வேகத்தில் சில முறை பிரேக் பிடித்தால் போய்விடும். அதற்குப் பிறகும் பெடல் துடித்தால் டிஸ்கை அளந்து பார்க்காமல் வேகம் எடுக்காதீர்கள்.